புலிமான்கோம்பை நடுகல்லும் தீயன் அந்தவனும்

தேனி மாவட்டம், ஆண்டிபட்டி வட்டத்தில் வைகை ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் புலிமான்கோம்பை. புள்ளிமான்கோம்பை என்றும் இவ்வூர்ப் பெயரை எழுதுவதுண்டு. 2006-ஆம் ஆண்டில் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் கா. ராஜன் தலைமையிலான ஆய்வுக் குழுவினர் இங்கு மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். மூன்றிலும் தமிழ்-பிராமி எழுத்துகள் வெட்டப்பட்டிருந்தன. எழுத்தமைதியைக் கொண்டு இவை கி.மு. 3 அல்லது 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கண்டறிந்தவர்கள் கணித்தனர். இந்தியாவில் இதுவரை கிடைத்துள்ள எழுத்துப் பொறித்த நடுகற்களில் இவையே மிகப் பழமையானவை என்பது அவர்களுடைய கருத்து.

மூன்றில் ஒன்று ஒரு போரைச் சொல்கிறது. அந்தப் போரில் இறந்தவனின் பெயரையும் சொல்கிறது. தமிழ்நாட்டில் போரில் இறந்த ஒரு சாதாரண வீரனுக்கு, அவன் பெயரோடு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நினைவுச் சின்னம் அதுவே எனலாம்.

கல்லில் உள்ளது என்ன?

கல்வெட்டின் பாடம் மிகச் சிறியது. ஒரே மூச்சில் படித்துவிடலாம்.

கல்
பேடு தீயன் அந்தவன்
கூடல் ஊர் ஆகோள்

'கல்' என்பது இந்த நடுகல்லையே குறிக்கிறது. 'பேடு' என்பதை ஊர்ப் பெயராகவும், 'தீயன் அந்தவன்' என்பதை வீரனின் பெயராகவும் கொள்வர். 'கூடல் ஊர்' என்பது கூடலூர். 'ஆகோள்' என்பது ஆ, கோள் என்ற இரு சொற்கள் சேர்ந்தது. ஆ என்றால் பசு, கோள் என்றால் கொள்ளுதல். கூடலூரில் நடந்த ஆநிரை கவரும் பூசலில் இறந்துபட்ட, பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனின் கல் என்று இதற்குப் பொருள் கொள்ளப்படுகிறது.

'இறந்தான்' என்ற சொல் கல்வெட்டில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிற்கால நடுகற்களில் வழக்கமாக வரும் 'பட்டான்' என்ற சொல்லும் இதில் இல்லை. கல் நட்டிருப்பதே அவன் இறந்தான் என்பதற்குச் சான்று. கல்லை நட்டவர்களுக்கும், அந்த வழியே போனவர்களுக்கும் அதைத் தனியாக எழுதிச் சொல்ல வேண்டிய தேவை இருந்திருக்காது.

மற்ற இரண்டில் ஒன்றில் 'வேள் ஊர் அவ்வன் பதவன்' என்று உள்ளது. வேளூரைச் சேர்ந்த அவ்வனின் மகன் பதவன் என்று இதைப் படிக்கின்றனர். அவன் எதற்காக இறந்தான் என்ற குறிப்பு இல்லை. மூன்றாவது கல் உடைந்திருப்பதால் அதன் எழுத்துகள் முழுமையாக இல்லை. கல் என்ற முடிவுச் சொல் மட்டும் தெளிவாக உள்ளது.

எந்தக் கல்லிலும் உருவம் செதுக்கப்படவில்லை. நடுகல் என்றதும் நம் நினைவுக்கு வருவது வில்லும் வாளும் ஏந்திய வீரன், காலடியில் மாடுகள், பக்கத்தில் கெண்டியும் சிமிழும் கொண்ட சிற்பம். அந்த வழக்கம் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்தது. புலிமான்கோம்பைக் கற்கள் இரும்புக்கால ஈமச்சின்னங்கள் உள்ள பகுதியில் கிடைத்தவை. இறந்தவர்களைப் புதைத்த இடத்தில் பெருங்கற்காலத்து மக்கள் நட்ட எழுத்தில்லாத நெடுங்கல்லுக்கும், பிற்காலத்துச் சிற்ப நடுகல்லுக்கும் இடைப்பட்ட கட்டம் இது. முதலில் வெறுங்கல் நட்டார்கள். பிறகு அதில் பெயரை வெட்டினார்கள். உருவம் கடைசியாக வந்தது.

கவர்ந்தவனா, மீட்டவனா?

தீயன் அந்தவன் கூடலூர் மாடுகளைக் கவரப் போனவனா, கவரப்பட்ட மாடுகளை மீட்கப் போனவனா?

கல்வெட்டு இதைச் சொல்லவில்லை. 'ஆகோள்' என்ற சொல்லை நேராகப் பார்த்தால் மாடுகளைக் கொள்ளுதல் என்றுதான் பொருள். அப்படியானால் அவன் கவரப் போனவன். ஆனால் கூடலூரில் நடந்த ஆகோள் பூசல் என்று நிகழ்ச்சியின் பெயராக மட்டும் அதை எடுத்துக்கொண்டால், அவன் எந்தப் பக்கத்திலும் நின்றிருக்கலாம். இரண்டு விளக்கத்துக்கும் இடமுண்டு.

இன்றைய கண்ணோட்டத்தில் மாடு கவர்தல் திருட்டு. பழந்தமிழர் அதைப் போரின் தொடக்கமாகக் கண்டனர். தொல்காப்பியம் புறத்திணையியலில் வெட்சித் திணையின் துறைகளுள் ஒன்றாக 'ஆகோள்' என்ற இதே சொல்லைச் சொல்கிறது. வேந்தனின் ஏவலால் பகைவர் நாட்டு ஆநிரையைக் கவர்ந்து வருவது வெட்சி. தொல்காப்பியம் கவர்தலையும் மீட்டலையும் வெட்சிக்குள்ளேயே அடக்கியது. பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை மீட்டலைப் பிரித்துக் கரந்தை என்று தனித் திணையாக்கியது. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் இந்த வேறுபாட்டை மனப்பாடம் செய்வார்கள். புலிமான்கோம்பைக் கல்லின் முன் நின்றால் அந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பது புரியும். கவர்தலும் மீட்டலும் ஒரே பூசலின் இரு பக்கங்கள் என்று தொல்காப்பியர் கண்டதுபோலவே, இந்தக் கல்லும் பக்கத்தைச் சொல்லாமல் பூசலை மட்டும் சொல்கிறது.

இலக்கண நூலில் துறைப் பெயராக வரும் ஒரு சொல், ஒரு மனிதனின் சாவைச் சொல்லும் கல்லிலும் அப்படியே வருவது சாதாரணச் செய்தி அல்ல. வெட்சி, கரந்தை எல்லாம் புலவர்கள் கற்பித்துக்கொண்ட வகைப்பாடுகள் என்று ஒதுக்குவோர் உண்டு. அவர்களுக்கு இந்த ஒரு சொல்லே போதுமான பதில்.

ஆநிரைக்காக ஏன் உயிரை விட்டார்கள் என்பதற்குத் தமிழிலேயே விடை உள்ளது. 'மாடு' என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு. திருக்குறளில் அச்சொல் அப்பொருளில் வருகிறது. மாடே செல்வமாக இருந்த சமூகங்களில் எங்கும் இதே கதைதான். மகாபாரதத்தில் விராட நாட்டின் பசுக்களைக் கவுரவர்கள் கவர்ந்ததால் போர் மூள்கிறது. அயர்லாந்தின் பழைய வீரகாவியம் ஒன்று முழுக்க முழுக்க ஒரு காளையைக் கவரும் போரைப் பற்றியதே.

கூடலூர் எது?

தேனி மாவட்டத்தில் கம்பத்தை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், குமுளிக்குப் போகும் சாலையில் ஒரு கூடலூர் உள்ளது. கல்வெட்டு சொல்லும் கூடலூர் இதுவாக இருக்கலாம் என்ற கருத்து இயல்பாகவே எழுகிறது. கூடலூரிலிருந்து புலிமான்கோம்பைக்குச் சாலை வழியே 60 கி.மீ.க்கு மேல் இருக்கும்.

தூரம் அதிகமாகத் தோன்றலாம். ஆனால் வரைபடத்தில் ஆற்றைப் பின்பற்றிப் பார்த்தால் இரண்டு ஊர்களும் ஒரே நீர்வழியில் இருப்பது தெரியும். கூடலூர்ப் பக்கமிருந்து வரும் ஆறு கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பகுதிகளைக் கடந்து, தேனிக்கு அருகே வைகையில் கலக்கிறது. சுயம்பு சனீசுவரர் கோயிலால் பெயர்பெற்ற குச்சனூர், சின்னமனூரை அடுத்து இந்த வழியின் நடுவே, சுரபி ஆற்றங்கரையில் இருக்கிறது. வைகை இன்று அணையைத் தாண்டிப் புலிமான்கோம்பைப் பக்கம் செல்கிறது. மலையும் மலையும் சூழ்ந்த இந்தப் பள்ளத்தாக்கில் மாட்டை ஓட்டிக்கொண்டு போவதற்கு ஆற்றோரம்தான் வழி. மேற்கே மலையைத் தாண்டினால் சேர நாடு, கிழக்கே வைகையோடு இறங்கினால் மதுரை. வணிகரும் படையும் நடந்த பாதை இது. மாடு கவர்ந்தவர்களும் இதில்தான் நடந்திருக்க வேண்டும்.

இருந்தாலும் எச்சரிக்கை தேவை. ஆறுகள் கூடும் இடத்துக்குக் கூடல் என்று பெயர் வைப்பது தமிழரின் பொது வழக்கம். நீலகிரியிலும் ஒரு கூடலூர் உண்டு. மதுரைக்கே கூடல் என்ற பெயர் உண்டு. ஆனால் கல்வெட்டு கூடல் என்று நிறுத்தாமல் 'கூடல் ஊர்' என்பதால் மதுரையைக் கொள்வது பொருந்தாது. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். ஒரே பெயர் என்பதைத் தவிர அவரையும் கம்பத்துக் கூடலூரையும் இணைக்கச் சான்று இல்லை. தீயன் அந்தவனின் கூடலூருக்காவது ஒரே ஆற்றுவழி என்ற துணைச் சான்று இருக்கிறது.

இன்றைய கம்பம் பள்ளத்தாக்கை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் காலத்தைக் கற்பனை செய்வது தவறு. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்ட பிறகே பெரியாற்று நீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்தது. 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளையும் பூமியாகப் பள்ளத்தாக்கு இன்று அறியப்படுவது அதனால்தான். அதற்கு முன் சுருளியாறும் மழையும்தான் துணை. மலையடிவாரம் முழுக்க மேய்ச்சல் காடு.

அந்த மேய்ச்சல் வாழ்க்கை முற்றிலும் மறைந்துவிடவில்லை. மலைமாடுகளைக் கிடையாகச் சேர்த்து மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் ஓட்டிச் சென்று மேய்க்கும் வழக்கம் தேனி மாவட்டத்தில் இன்றும் உண்டு. கம்பத்தில் நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழுவில் மூலவர் சிலைக்குப் பதிலாக உயிருள்ள மாடுகளையே வணங்குகின்றனர். மாட்டுப் பொங்கலன்று பிறக்கும் கன்றுகளை இங்கு கொண்டுவந்து விடுகின்றனர். 2021-இல் திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022-இல் காடுகளில் கால்நடை மேய்க்கத் தடை விதித்த சென்னை உயர் நீதிமன்றம், பின்னர் அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காப் பகுதிகளுக்கு என்று வரையறுத்தது. மாடு எங்கே மேயலாம் என்ற வழக்கு இந்த மலையடிவாரத்தில் இன்னும் ஓயவில்லை.

எழுத்து யாருடையது?

புலிமான்கோம்பைக் கற்கள் ஆய்வுலகில் பேசப்பட்டதற்குக் காரணம் அவற்றின் வயது மட்டுமல்ல.

2006-க்கு முன் கிடைத்திருந்த தமிழ்-பிராமிக் கல்வெட்டுகள் பெரும்பாலும் மதுரையைச் சுற்றியுள்ள மலைக் குகைகளில் சமணத் துறவியருக்கு வெட்டிக் கொடுத்த கற்படுக்கைகளின் அருகே உள்ளவை. மாங்குளம் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயரும், கணி நந்தாசிரியன் என்ற துறவியின் பெயரும், வெள்ளறை வணிகக் குழுவும் வருகின்றன. அரசன், வணிகன், துறவி என்ற மூவரே அங்கு பேசப்படுபவர்கள். ஆகவே தமிழகத்தில் எழுத்து சமணத் துறவியராலும் வணிகராலும் பரவியது, அது மேல்தட்டினரின் கருவி என்று பலர் கருதினர்.

தீயன் அந்தவனின் கல்லில் இவர்கள் யாரும் இல்லை. கொடையும் இல்லை, சமயமும் இல்லை. பிராகிருதச் சொல் ஒன்றுகூட இல்லை. மாடு மேய்த்து, மாட்டுக்காகச் சண்டையிட்ட ஓர் ஊரார், செத்துப்போன தங்கள் ஆளின் பெயரைத் தங்கள் மொழியில் எழுதி நட்டிருக்கிறார்கள். வெட்டியவர் எழுத்தறிந்த ஒருவராக மட்டும் இருந்திருக்கலாம் என்று வாதிடலாம். ஆனால் அந்தப் பக்கம் போகிறவர்களில் சிலராவது படிப்பார்கள் என்ற எண்ணம் இல்லாமல் பெயரை வெட்டியிருக்க மாட்டார்கள். பெயர் வேண்டாம் என்றால் வெறுங்கல்லே போதும். அதற்கு முன் அப்படித்தான் நட்டு வந்தார்கள்.

சங்க இலக்கியத்தின் நம்பகத்தன்மையோடும் இது தொடர்புடையது. வீரனின் பெயரையும் புகழையும் நடுகல்லில் எழுதி, மயில் தோகை சூட்டி, கள் படைத்து வழிபட்டதைப் புறநானூறும் அகநானூறும் பேசுகின்றன. அம்புகளைத் தீட்டித் தீட்டி நடுகல் தேய்ந்துபோனதையும், மங்கிய எழுத்தைப் படிக்க முடியாமல் வழிப்போக்கர்கள் கடந்துபோவதையும்கூட அகநானூற்றுப் பாடல்கள் காட்டுகின்றன. ஆனால் சங்க காலத்து எழுத்துள்ள நடுகல் ஒன்றுகூட 2006 வரை கையில் இல்லை. 1972-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட செங்கம் நடுகற்கள் தொகுப்பில் உள்ளவை பல்லவர் காலத்தவையும் அதற்குப் பிந்தியவையும். ஆகவே பாடல்களில் வரும் எழுத்துள்ள நடுகல் பிற்கால வழக்கமாக இருக்கலாமோ என்ற ஐயம் இருந்தது. வைகைக் கரைக் கற்கள் அந்த ஐயத்தை நீக்கின.

காலக் கணிப்பு மட்டும் இன்னும் விவாதத்துக்குரியது. கல்லை நேரடியாகக் கரிமப் பகுப்பாய்வு செய்ய முடியாது. எழுத்தின் வடிவத்தை மற்ற கல்வெட்டுகளோடு ஒப்பிட்டே காலம் சொல்கின்றனர். பழனிக்கு அருகே பொருந்தலில் எழுத்துப் பொறித்த பொருளோடு கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 5-ஆம் நூற்றாண்டு என்று பகுப்பாய்வில் வந்தபோது, தமிழ்-பிராமியின் தொடக்கத்தையே பின்னுக்குத் தள்ள வேண்டும் என்று ராஜன் வாதிட்டார். ஒரே ஓரிடத்துச் சான்றை வைத்து அப்படி முடிவு செய்யலாகாது என்ற எதிர்ப்பும் எழுந்தது. புலிமான்கோம்பைக் கற்களின் காலத்தை ஒரு நூற்றாண்டு முன்னோ பின்னோ நகர்த்தினாலும், மேலே சொன்ன செய்தி மாறாது.

அரசர் செப்பேடும் வீரன் கல்லும்

இதே பள்ளத்தாக்கில், குச்சனூரை அடுத்த சின்னமனூரில் பாண்டியர் செப்பேடுகள் கிடைத்தன. கி.பி. 10-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் இராசசிம்மன் வெளியிட்ட பெரிய சின்னமனூர்ச் செப்பேடு, பாண்டியர் தலையாலங்கானத்தில் வென்றதையும், மகாபாரதத்தைத் தமிழாக்கியதையும், மதுரையில் சங்கம் வைத்ததையும் பெருமையோடு சொல்கிறது. பாடப் புத்தகத்தில் இடம்பெறுவது இதுதான். தலையாலங்கானத்தில் யார் வென்றார் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே செத்தவர்களில் ஒரு படைவீரனின் பெயரைக்கூடச் செப்பேடு சொல்லாது. அது அரசனின் ஆவணம், அதன் வேலை வேறு.

நடுகற்களிலும் காலப்போக்கில் அரசன் நுழைந்துவிட்டான். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7-ஆம் நூற்றாண்டில் எடுக்கப்பட்டது. அரசன் பெயரில் தொடங்கி, வாணகோ அரைசர், அவர் மருமக்கள் பொற்றொக்கையார் என்று படிப்படியாக இறங்கி, அதன் பிறகுதான் எருமைகளுக்காகப் போரிட்டு இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு வருகிறது. அந்தக் கல்லில் ஓர் அழகான செய்தியும் உண்டு. அவனோடு இருந்த கோவிவன் என்ற நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதாம். நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு நாயின் பெயரை 1,400 ஆண்டுகளாகக் காத்து வைத்திருக்கும் கல் அது.

ஆனால் அரசன் ஆண்டைச் சொல்லி, தலைவன் பெயரைச் சொல்லி, கடைசியில் வீரனைச் சொல்லும் அந்த முறை தீயன் அந்தவனின் கல்லில் இல்லை. அவன் யாருக்காகப் போரிட்டான் என்பதை ஊரார் எழுதவில்லை. வேந்தன் ஏவினானா, ஊர்த் தலைவன் ஏவினானா, பட்டினி ஏவியதா என்பது தெரியாது. அவனுடைய ஊரும், பெயரும், அவன் செத்த சண்டையும் மட்டும் போதும் என்று நினைத்திருக்கிறார்கள்.

பெயரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. அந்தவன் என்பதோடு நெருங்கிய 'அந்துவன்' என்ற பெயர் சங்க இலக்கியத்தில் சேர அரசன் ஒருவனுக்கும் புலவர் ஒருவருக்கும் உண்டு. திருப்பரங்குன்றம் தமிழ்-பிராமிக் கல்வெட்டிலும் அந்துவன் என்ற பெயர் வருகிறது. அரச குடியிலும் எளிய குடியிலும் ஒரே வகைப் பெயர்கள் வழங்கியிருக்கின்றன.

கல் நடும் முறை

ஒரு வீரனுக்குக் கல் எடுப்பது ஒரே நாளில் முடியும் வேலை அல்ல. தொல்காப்பியம் இதை ஆறு கட்டமாகப் பிரிக்கிறது. பொருத்தமான கல்லைத் தேடிக் காண்பது காட்சி. அதை எடுத்துவரத் தொடங்குவது கால்கோள். நீரில் இட்டுத் தூய்மை செய்வது நீர்ப்படை. அதன் பிறகே கல் நடப்படும். நட்ட கல்லுக்குப் பெரும் படையல் இடுவதும், அதை வாழ்த்துவதும் கடைசி இரண்டு. சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கல் எடுப்பதும் இந்த வரிசையில்தான். வஞ்சிக் காண்டத்தின் காதைகளுக்கே இப்பெயர்கள் உள்ளன. அந்தக் கண்ணகிக்கு உரியதாகக் கருதப்படும் மங்கலதேவி கோயில் கூடலூருக்கு மேலே உள்ள மலையில் இருக்கிறது.

தீயன் அந்தவனின் கல்லையும் யாரோ ஆற்றில் கழுவியிருப்பார்கள். அது வைகையாக இருந்திருக்கும்.

புலிமான்கோம்பைக்கு அருகே, திண்டுக்கல் மாவட்டத்து வைகைச் சமவெளியில் உள்ள தாதப்பட்டியிலும் தமிழ்-பிராமி எழுத்துள்ள ஒரு நினைவுக்கல் கிடைத்தது. அதன் வரியும் 'கல்' என்ற சொல்லோடு முடிகிறது. ஆகவே இது ஓர் ஊரின் தனி வழக்கம் அல்ல. வைகைக் கரையில் இன்னும் இப்படிப்பட்ட கற்கள் இருக்க வாய்ப்புண்டு. அவை சிற்பம் இல்லாத கற்கள் என்பதால் துணி துவைக்கும் கல்லாகவும், வரப்புக் கல்லாகவும், வாசற்படியாகவும் போய்விடும் ஆபத்து அதிகம். ஈமக்காடுகளைச் சமப்படுத்தி வயலாக்கும்போது முதலில் புரட்டப்படுவதும் அவையே.

இப்பகுதி மாணவர்கள் இப்படி ஏதேனும் கல்லைக் கண்டால் சுண்ணாம்போ எண்ணெயோ பூசி எழுத்தைத் தெளிவாக்க முயல வேண்டாம். காலை அல்லது மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது பார்த்தால் வெட்டு ஆழம் தானாகவே தெரியும். அந்த வெளிச்சத்தில் படம் எடுத்து, கல் கிடக்கும் இடத்தைக் குறித்து, கிராம நிர்வாக அலுவலருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிக்கலாம். கல்லை நகர்த்தக் கூடாது. எந்த ஈமச்சின்னத்தின் பக்கத்தில் அது நின்றது என்பது தெரிந்தால்தான் மற்றவற்றைச் சொல்ல முடியும்.